லில்லிக்குக் கொடுத்த சர்ப்ரைஸ்

போன சனிக்கிழமை நான் ஒரு பொய் சொன்னேன்.

"மார்த்தாண்டத்துக்குச் சேலை எடுக்கப் போறேன், தொணைக்கு வாட்டி" என்று என் சிநேகிதி லில்லியைக் கூப்பிட்டேன். சேலை எடுத்தது என்னவோ உண்மை. ஆனால் போன காரணம் அது இல்லை. மத்தியானம் மூன்றரையிலிருந்து சாயங்காலம் ஆறரை வரை அவளை அவள் வீட்டுப் பக்கமே அண்டவிடக் கூடாது. அது எனக்குக் கொடுக்கப்பட்ட டியூட்டி.

கொடுத்தது அவள் மகள் பெனிட்டா. பெங்களூரில் வேலை பார்க்கிறாள். ஒரு வாரம் முன்னாலேயே போன் பண்ணிவிட்டாள்.

"ஆன்டி, சனிக்கிழமை அம்மாக்கு அறுபது வயசு. ஒரு சர்ப்ரைஸ் குடுக்கப் போறோம். அம்மாகிட்ட மூச்சு விட்டுராதீங்க."

லில்லி பிறந்தநாள் கொண்டாடுகிற ரகம் இல்லை. பள்ளிக்கூட சர்டிபிகேட்டில் ஒரு தேதி, சர்ச்சில் ஞானஸ்நான ரிஜிஸ்டரில் ஒரு தேதி என்று அவளுக்கு இரண்டு பிறந்தநாள். இரண்டையும் அவள் மதித்ததில்லை. பெனிட்டா ரிஜிஸ்டரை நம்பி நாள் குறித்துவிட்டாள்.

என்னைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்குத் தெரியும், என் வயிற்றில் ரகசியம் தங்காது. இருபத்தெட்டு வருஷம் காலேஜ் லைப்ரரியில் 'சத்தம் போடாதீர்கள்' போர்டுக்குக் கீழே உட்கார்ந்திருந்ததற்குச் சேர்த்து இப்போது பேசிக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் இந்த ஒரு வாரம் வாயைக் கட்டிப் போட்டேன். லில்லிக்காக. அவளுக்கு நல்லதாக எதுவுமே நடக்காமல் நாலு மாதம் ஓடியிருந்தது.

நாலு மாதம் முன்னால் அவள் வீட்டுக்காரர் ஞானதாஸ் அண்ணனுக்குத் திருவனந்தபுரத்தில் பைபாஸ் ஆபரேஷன். அண்ணனுக்குக் குலசேகரம் ஜங்ஷனில் கடை... ரப்பர் வெட்டும் கத்தி, மரத்தில் வடியும் பால் பிடிக்கும் கப், பாலை உறைய வைத்து ஷீட் அடிக்க ஆசிட், எல்லாம் கிடைக்கும். காலையில் ஐந்தரைக்கெல்லாம் கடை திறந்து, வருகிறவர் போகிறவரிடம் வம்பளக்கிற மனுஷர். ஆபரேஷன் நன்றாகத்தான் முடிந்தது. டாக்டர் தட்டிக்கொடுத்து, "தினமும் அரை மணி நேரம் நடங்க. நடக்காம இருந்தாத்தான் ஆபத்து" என்று சொல்லி அனுப்பினார்.

அண்ணன் நடக்கவில்லை.

கட்டில், ஜன்னலோர நாற்காலி, பாத்ரூம். இந்த மூன்றுக்கும் நடுவில்தான் அவர் உலகம். கேட்டால், "நெஞ்செலும்பை அறுத்து கம்பி போட்டுக் கட்டியிருக்காவ தங்கச்சி. நடந்தா அவுந்துரும்" என்பார். அவுந்துராது என்று டாக்டர் படம் வரைந்து காட்டினார். அண்ணன் படத்தைப் பார்த்துத் தலையாட்டினார், வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். காலில் நீர் வைத்தது. போன செக்கப்பில் டாக்டர் கொஞ்சம் கோபமாகவே பேசினாராம். இப்படியே இருந்தால் திரும்ப அட்மிட் ஆக வேண்டியிருக்கும் என்று.

லில்லி தினமும் காலையில் கேட்பாள்: "இன்னைக்கு சானல் கரை வரைக்கும் போவமா?" பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் ஓடுகிற சானல் அவர்கள் வீட்டிலிருந்து ஐந்து நிமிஷம்தான். அவர் சொல்வார்: "நாளைக்குப் போவம்."

"ஆஸ்பத்திரில வச்சு நான் ஒரு சொட்டு கண்ணீர் விடல்ல, கேட்டியா" என்று ஒரு நாள் என்னிடம் சொன்னாள். "நாளைக்கு நாளைக்குங்காரு பாரு... அதுக்குத்தான் அழுகை வருகு."

இப்படிப்பட்டவளுக்கு மகள் ஒரு சந்தோஷம் கொடுக்க நினைத்ததில் என்ன தப்பு? நானும் உடந்தையானேன்.

பெனிட்டா கெட்டிக்காரி. எல்லாவற்றையும் யோசித்திருந்தாள். வெள்ளிக்கிழமையே வந்து திற்பரப்பில் ஒரு தோழி வீட்டில் ஒளிந்துகொண்டாள். சபை ஆட்கள், பாடகர் குழு, சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டு ஐயப்பன் அண்ணன் குடும்பம் என்று நாற்பது பேருக்குச் சொல்லியாயிற்று. கார், பைக் எல்லாம் ஐயப்பன் அண்ணன் வீட்டுப் பின்புறம் நிறுத்த வேண்டும். லைட் போடக் கூடாது. போன் சைலண்ட். லில்லி கதவைத் திறந்ததும் எல்லோரும் ஒரே குரலில் வாழ்த்துச் சொல்ல வேண்டும்.

"அப்பாவுக்கு?" என்று கேட்டேன். "அவரு ஹார்ட் தாங்குமா?"

"அப்பாகிட்ட முன்னாடியே சொல்லியாச்சு ஆன்டி. அவருக்குச் சர்ப்ரைஸே கிடையாது."

பார்த்தீர்களா, எவ்வளவு முன்னெச்சரிக்கை. லில்லியின் ஹார்ட் தாங்குமா என்று நாற்பது பேரில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. அவளுக்குத்தான் ஆபரேஷன் எதுவும் நடக்கவில்லையே.

மார்த்தாண்டத்தில் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. முதல் கடையில் எடுத்த முதல் சேலையே எனக்குப் பிடித்துவிட்டது. ஆனால் மணி நாலு. அதனால் எனக்கு எதுவுமே பிடிக்காத மாதிரி நடித்து, மூன்று கடை ஏறி இறங்கினேன். சேலை விரித்துப் போட்ட பெண்கள் மனசுக்குள் என்ன திட்டினார்களோ. லில்லிக்குச் சேலையில் கண்ணே இல்லை. நாலு மாதத்தில் அவரை விட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் அவள் வெளியே வந்ததில்லை. ஐயப்பன் அண்ணன் சம்சாரம் பார்த்துக்கொள்வதாகச் சொன்னதால்தான் வந்தாள்.

நாலரைக்கு வீட்டுக்குப் போன் போட்டாள். அண்ணன் எடுத்தார். "சாயா குடிச்சேன். நீ பைய வா" என்றார். நல்ல நடிகர்.

ஐந்தே முக்காலுக்கு பஸ்ஸில் ஏறியதும் மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. திருவட்டாறு தாண்டியதும் மறுபடி. எடுக்கவில்லை. ஐயப்பன் அண்ணன் சம்சாரத்துக்குப் போட்டாள். அதுவும் எடுக்கவில்லை.

"யாரும் எடுக்கல்லியே ஏட்டி."

"ஒறங்குவாரு" என்றேன்.

"இந்நேரம் ஒறங்க மாட்டாரே."

எனக்குக் காரணம் தெரியும். அங்கே நாற்பது பேர் போனை அமுக்கி வைத்துக்கொண்டு மூச்சடக்கி உட்கார்ந்திருக்கிறார்கள். நினைக்கவே எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு பொங்கியது. ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தேன். இதை இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. பக்கத்தில் ஒருத்தி போனைக் கையில் இறுக்கிக்கொண்டு, உதட்டசைத்து ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தாள்.

ஜங்ஷனில் இறங்கி ஆட்டோ பிடித்து, தெருமுனையில் இறங்கிக்கொண்டோம். இருட்டத் தொடங்கியிருந்தது. லில்லி முன்னால் ஓட்டமும் நடையுமாகப் போனாள். கேட்டைத் திறந்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

வீட்டில் வெளிச்சமில்லை. சத்தமில்லை. முன்வாசல் சிட் அவுட் படிக்கட்டுக்குக் கீழே, முற்றம் கொள்ளாமல், செருப்பு. நாற்பது ஜோடி செருப்பு.

காரை மறைத்தார்கள். கேக்கை மறைத்தார்கள். பெனிட்டாவையே ஒரு நாள் முழுக்க மறைத்து வைத்தார்கள். ஆனால் நம் ஆட்கள் அடுத்தவர் வீட்டுக்குள் செருப்போடு நுழைவார்களா? கை தானாகத் தூணைப் பிடிக்கும், கால் தானாகச் செருப்பைக் கழற்றும். அதை ஒரு காரியம் என்றே யாரும் நினைப்பதில்லை. அதனால் அதை ஒளிக்க வேண்டும் என்றும் நினைக்கவில்லை. போதாக்குறைக்குப் பலாமரத்தடிச் சுவரோரம் வாடகைக்கு எடுத்த சிவப்பு நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள்.

நம் ஊரில் ஒரு வீட்டு முற்றத்தில் இத்தனை செருப்பு எப்போது கிடக்கும்? ஜெபக்கூட்டம் என்றால் பாட்டுச் சத்தம் கேட்கும். கல்யாண வீடு என்றால் தெருவே விழித்திருக்கும். செருப்பும் கிடந்து, நாற்காலியும் வந்து, வீடு சத்தமில்லாமல் இருந்தால்... ஒன்றே ஒன்றுதான். ஆஸ்பத்திரியிலிருந்து இன்னும் கொண்டு வரவில்லை. ஆட்கள் காத்திருக்கிறார்கள்.

லில்லி என் மணிக்கட்டைப் பிடித்தாள். "ஏட்டி... செருப்பு" என்றாள். ரொம்பச் சின்னக் குரலில்.

எனக்கு அந்த நொடியில்தான் புரிந்தது. புரிந்ததும் வாய் திறந்து சொல்லியிருக்க வேண்டும். 'ஒண்ணுமில்லட்டி, உனக்குப் பிறந்தநாள்' என்று மூன்று வார்த்தை. நான், வாயை வைத்துப் பிழைக்கிறவள், ஒரு வார்த்தை வராமல் நின்றேன். அதற்குள் அவள் கேட்டுக்கு வெளியே வந்து ரோட்டோரத்து மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒரு சேலைக்காக விட்டுட்டுப் போனேனே" என்று அழ ஆரம்பித்தாள். "தனியா விட்டுட்டுப் போனேனே..."

வீட்டுக்குள் நடந்ததை எனக்குப் பிறகு சொன்னார்கள். கேட் சத்தம் கேட்டதும் எல்லோரும் தயாராகியிருக்கிறார்கள். கதவு திறக்கவில்லை. அதற்குப் பதிலாக வெளியே அழுகைச் சத்தம். என்ன ஏது என்று யாருக்கும் விளங்கவில்லை. இருட்டில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நாற்பது பேரும் அசையாமல் நின்றிருக்கிறார்கள். சர்ப்ரைஸ் கெட்டுவிடக் கூடாதே என்று பயம்.

ஒருவருக்கு மட்டும் அந்தக் குரல் என்ன சொல்கிறது என்று உடனே விளங்கிவிட்டது.

கதவு திறந்தது. ஞானதாஸ் அண்ணன் வந்தார். படிக்கட்டில் கைப்பிடியைத் தொடவில்லை. நாற்பது ஜோடி செருப்பையும் மிதித்துக்கொண்டு, முற்றத்தைத் தாண்டி, கேட்டைத் தள்ளிக்கொண்டு, வெறுங்காலோடு ரோட்டுக்கு நடந்து வந்தார். நடந்து என்றா சொன்னேன்? கிட்டத்தட்ட ஓடி வந்தார்.

"லில்லி... ஏட்டி, இஞ்ச பாரு. நான் இருக்கேன். இஞ்ச நிக்கேன் பாரு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். முதலில் முகத்தை. அப்புறம் காலை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்: "நடந்தா வந்திய?"

அண்ணன் அப்போதுதான் குனிந்து தன் காலைப் பார்த்தார். பிறகு வீட்டைத் திரும்பிப் பார்த்தார். அவ்வளவு தூரமா என்பது போல. நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார். எதுவும் அவிழ்ந்திருக்கவில்லை.

அதன்பிறகுதான் அவர் உட்கார இடம் தேடினார். ஐயப்பன் அண்ணன் ஒரு சிவப்பு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து ரோட்டிலேயே போட்டார். லில்லி மண்ணிலும் அவர் நாற்காலியிலுமாக, இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பெனிட்டா கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகைதான். பாடகர் குழுவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வந்ததற்கு ஒரு பாட்டாவது பாடுவோம் என்று மெதுவாக ஆரம்பித்தார்கள்.

ஏழரைக்கு லில்லி சிவந்த கண்ணோடு கேக் வெட்டினாள். முதல் துண்டு மகளுக்கு. அண்ணனுக்குச் சின்னதாக, க்ரீமை வழித்துவிட்டு ஒரு துண்டு. எனக்குக் கொடுக்கவில்லை. நானாக எடுத்துக்கொண்டேன்.

அன்று வீட்டுக்கு வந்து டிக்‌ஷனரியைத் திறந்தேன். மனசு சரியில்லை என்றால் சிலர் கோயிலுக்குப் போவார்கள், நான் டிக்‌ஷனரிக்குப் போவேன். 'சர்ப்ரைஸ்' என்ற வார்த்தைக்குப் பூர்வீகம் என்ன?

பிரெஞ்சு வழியாக வந்திருக்கிறது. அதற்கும் மூலம் லத்தீனில், 'பிடிப்பது, கைப்பற்றுவது' என்ற வேர்ச்சொல். அதன்மேல் 'மேலே' என்று ஒரு முன்னொட்டு. அதாவது, மேலே விழுந்து பிடிப்பது. ஆங்கிலத்துக்கு வந்த புதிதில் அது சந்தோஷத்துக்கான வார்த்தையே இல்லை. யுத்தத்துக்கான வார்த்தை. எதிரி அசந்திருக்கிற நேரத்தில் திடீரென்று பாய்ந்து கோட்டையைப் பிடிப்பதுதான் சர்ப்ரைஸ். வியப்பு, இன்ப அதிர்ச்சி எல்லாம் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்ட அர்த்தங்கள். ஜெயிலைக் குறிக்கும் 'பிரிஸன்' கூட இதே வேரில் வந்ததுதான். அண்ணன் கடை போர்டில் இருக்கிற 'என்டர்பிரைசஸ்' இன்னொரு பங்காளி.

ஆங்கிலத்தில் வியப்புக்கு இருக்கிற மற்ற வார்த்தைகளும் யோக்கியம் இல்லை. 'அஸ்டானிஷ்' என்பதன் அடியில் கிடப்பது இடிமுழக்கம். இடி விழுந்தவன் எப்படி நிற்பானோ, அப்படி நிற்பது. 'ஃபிளாபர்காஸ்ட்' என்று ஒன்று உண்டு, சொல்லும்போதே வாய் குழறும். அதற்குத் தாய் தகப்பன் யாரென்று டிக்‌ஷனரிக்காரர்களே உறுதியாகச் சொல்ல மாட்டார்கள்.

யோசித்துப் பார்த்தால், நாம் அந்தப் பழைய அர்த்தத்தை விட்டுவிடவே இல்லை. பள்ளிக்கூடத்தில் 'சர்ப்ரைஸ் டெஸ்ட்' என்றால் எந்தப் பிள்ளை குதித்தது? ஆபீஸில் 'சர்ப்ரைஸ் விசிட்' என்றால் யார் முகத்தில் சிரிப்பு இருக்கிறது? ஓடுகிற பஸ்ஸை நிறுத்தி டிக்கெட் கேட்பது 'சர்ப்ரைஸ் செக்கிங்'. கல்யாண நாளுக்கு மோதிரம் வாங்கிக் கொடுப்பதும் சர்ப்ரைஸ். இரண்டுக்கும் நாம் ஒரே வார்த்தையைத்தான் வைத்திருக்கிறோம். இரண்டிலும் ஒருத்தருக்குத் தெரியும், ஒருத்தருக்குத் தெரியாது. தெரிந்தவர் ஒளிந்திருந்து ரசிக்கிறார். நான் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தேனே, அது மாதிரி.

இதுதான் எனக்கு உறைத்தது. சர்ப்ரைஸ் கொடுக்கிறவருக்கு ஒரு வாரச் சந்தோஷம். வாங்குகிறவருக்கு ஒரு நிமிஷம். லில்லிக்கு அறுபதாவது பிறந்தநாள் வருகிறது, மகள் வரப்போகிறாள், நாற்பது பேர் அவளுக்காகக் கூடப்போகிறார்கள் என்று ஒரு வாரம் முன்னாலேயே சொல்லியிருந்தால், அந்த ஏழு நாளும் அவள் முகம் எப்படி இருந்திருக்கும்? அந்த ஏழு நாளையும் நாங்கள் அவளிடமிருந்து எடுத்து எங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டோம்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அன்று ஒரு கோட்டை விழுந்ததும் உண்மை. டாக்டரின் படத்துக்கு அசையாத பயம், லில்லியின் நாலு மாதக் கெஞ்சலுக்கு அசையாத பயம், அவளுடைய ஒரே ஒரு அழுகைக்குக் கதவைத் திறந்துவிட்டது. அவரைப் பார்த்து எல்லோரையும்விட அதிகமாகத் திகைத்தவர் அவரேதான். இதை யாராலும் திட்டம் போட்டுச் செய்ய முடியாது. தயவுசெய்து யாரும் திட்டம் போட்டும் பார்க்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை லில்லிக்கு நான் போன் பண்ணினேன். எடுக்கவில்லை. சர்ச்சில் என்னைப் பார்த்துவிட்டு வேறு வரிசையில் போய் உட்கார்ந்தாள். திங்கட்கிழமை பெனிட்டா பெங்களூருக்குக் கிளம்பும்போது சொன்னாள், "ஆன்டி, அம்மா என்கிட்ட ராசியாயிட்டா. உங்ககிட்ட ஆக மாட்டாளாம். பொய் சொல்லிக் கூட்டிட்டுப் போனது நீங்கதானாம்." நியாயம்தானே.

அண்ணனைப் பற்றி விசாரித்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் லில்லி வழக்கம்போலக் கேட்டிருக்கிறாள். அண்ணன் வழக்கம்போல "நாளைக்கு" என்றிருக்கிறார். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ரோட்டுக்கு ஓடிவந்தது ஒரு நாள் கூத்துதானா? திங்கட்கிழமை கேட் வரை வந்து நின்று ரோட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினாராம். செவ்வாய்க்கிழமை என்ன ஆனதென்று சொல்ல ஆள் இல்லை. அந்த நாள் முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

புதன்கிழமை காலை ஆறு மணி. போன் அடித்தது. லில்லி.

"ஏட்டி" என்றாள். மூச்சு வாங்கியது. "நான் சானல் கரையில நிக்கேன். இவரு எனக்கு முன்னாடி போறாரு. நில்லுங்க நில்லுங்கன்னு சொல்லுகேன், கேக்க மாட்டேங்காரு. காலையில நான் கேக்கதுக்கு முன்னாடியே, வா போவம்னாரு."

என் புத்தி எங்கே போகும்? கேட்டுவிட்டேன்.

"இப்பமாவது நல்ல சர்ப்ரைஸா இருந்துச்சாட்டி?"

அந்தப் பக்கம், தண்ணீர் ஓடுகிற சத்தத்துக்கு மேலே, "பைய போங்க" என்று அவள் அண்ணனை அதட்டியது கேட்டது.

"இதுல என்ன சர்ப்ரைஸ்?" என்றாள் லில்லி. "நான் நாலு மாசமா தினமும் எதிர்பாத்துட்டுதானே இருந்தேன்."